இன்னும் பசியாறல

தாராவியில் பை தைக்கும் ஜெயினுலாப்தீன் வீட்டுக்கு, உடம்பு குறைக்கிற கிளினிக்கிலிருந்து ஒரு மேடம் ஐந்து கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார் என்று அந்தச் சந்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது பாதி. மீதி சாயிமாவுக்குத்தான் தெரியும். அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

சாயிமா ஜெயினுலாப்தீனின் ஒரே மகள். இருபத்துமூன்று வயது. வாப்பாவின் பட்டறை கீழே, குடித்தனம் மேலே. அவள் வேலை பார்ப்பது லேபர் கேம்ப் பக்கத்தில், அபாயா அங்கிக்குக் கல் ஒட்டுகிற ஒரு கார்கானாவில். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறரை வரை எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. பதினெட்டு வயதில் ஐம்பத்தைந்து கிலோ இருந்தவள், ஐந்தே வருஷத்தில் எண்பத்திரண்டைத் தொட்டுவிட்டாள்.

உடம்பு போட்ட பெண்ணுக்கு யோசனை சொல்ல இந்த ஊரில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பால் ஊற்றுகிறவர் வெந்நீரில் தேன் என்றார். கூட வேலை பார்க்கும் ஷைஸ்தா, தன் எழுபத்தெட்டு கிலோவை ஒரு ஸ்டூலில் இறக்கி வைத்துவிட்டு, சோற்றை அடியோடு நிறுத்து என்றாள். பக்கத்துக் கோலியில், அதாவது பக்கத்து அறையில், குடியிருக்கும் ஒருத்தி, காலையில் ஒன்றும் தின்னாமல் இருந்தால் கொழுப்பு தானாகக் கரையும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். உம்மா இந்தக் கடைசி யோசனையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், கதையே அதன் மேல்தான் நிற்கிறது. ஜெயினுலாப்தீனின் ஆட்கள் தெற்கே மேலப்பாளையத்துக்காரர்கள். அவர்கள் வீட்டில் காலையில் சாப்பிடுவதற்குப் பசியாறுவது என்று பெயர். ‘பசியாறிட்டியா?’ என்றால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார்கள். ‘இன்னும் பசியாறல’ என்றால் இன்னும் நாஷ்டா பண்ணவில்லை, அவ்வளவுதான். சாயிமாவின் உம்மா அக்தர் பானு, காலையில் வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். குழாய் அடைப்பு எடுக்க வந்தவரிடம் கேட்பாள். மீட்டர் பார்க்க வந்தவரிடம் கேட்பாள்.

மகளிடம் மட்டும் கேட்பதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பிள்ளை ஒரு வேளையைக் குறைத்தால் நல்லதுதானே என்று முதலில் கேட்பதை விட்டாள், அப்புறம் தட்டு வைப்பதையும் விட்டுவிட்டாள். சாயிமாவும் வெறும் சாயாவோடு கிளம்பப் பழகிக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு, வயிறு கபகபவென்று எரிய, சந்து முனையில் இருக்கும் சமோசா பாவ் கடையை அவள் தாண்டிப் போன நாள் கிடையாது. அது உம்மாவுக்குத் தெரியாது.

மாதத் தூரம் ஐந்து மாதமாக வரவில்லை என்றுதான் செம்பூரில் ஒரு டிரஸ்ட் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றைச் சொன்னார். மூன்று மாதச் சர்க்கரை ஆறு புள்ளி இரண்டில் இருக்கிறது, எல்லையில் நிற்கிறாய், மூன்று மாதம் தருகிறேன், எடையையும் இதையும் இறக்கிக் காட்டு, இல்லையென்றால் மாத்திரை எழுத வேண்டியதுதான் என்றார்.

மாத்திரை என்றதும் சாயிமாவுக்கு அலமாரித் தட்டுதான் ஞாபகம் வந்தது. அங்கே உம்மாவின் டப்பா இருக்கிறது, கிழமைக்கு ஓர் அறையாக ஏழு அறை. சர்க்கரை உம்மாவின் இடது கால் சுண்டுவிரலை எடுத்துக்கொண்டு போய் மூன்று வருஷமாகிறது. அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா வரக் கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

கிளினிக்கில் சின்ன வயதுப் பெண்களுக்கென்று பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்று நடந்தது. நர்ஸ் அவள் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள், கையில் ஒரு கறுப்புப் பட்டை மாட்டிவிட்டாள். பட்டை நடையை எண்ணும். தட்டைப் படம் எடுத்து ஆப்பில் போட வேண்டும். காலையில் எப்படி இருக்கிறாய் என்று கோச்சுக்குக் குரலில் சொல்ல வேண்டும். படிவத்தில் வீட்டு மொழி என்ற இடத்தில் சாயிமா தமிழ் என்று டிக் அடித்திருந்ததால், ஆப் அவளைப் பிருந்தா பத்ரிநாராயணன் என்பவரிடம் ஒப்படைத்தது. பிருந்தா மூன்று தலைமுறையாகக் கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் குடும்பத்துப் பெண். இரண்டு பேருக்கும் தமிழ் எழுத்து சரியாக வராது. பேச்சு நன்றாக வரும். ஆனால் பேச்சு வேறு வேறு பேச்சு.

முதல் நாள் காலை படியிறங்கும்போதே சாயிமா போனை வாயருகில் வைத்துச் சொன்னாள்.

“மேடம், சலாம். நான் இன்னும் பசியாறல. வேலைக்குக் கிளம்பிட்டேன்.”

சந்து முனை வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

“அச்சச்சோ, பசி அடங்காம வேலைக்குப் போகப்படாது சாயிமா. பட்டினி கிடந்தா எடை குறையாது. ரெண்டு இட்லி, ஒரு முட்டை, ஏதாவது சாப்பிட்டுட்டுப் போ. சாப்பிட்டேன்னு சொல்லு, நான் காத்துண்டிருக்கேன்.”

சாயிமா அதை மூன்று தடவை போட்டுக் கேட்டாள். எண்பத்திரண்டு கிலோ ஆன பிறகு அவளைச் சாப்பிடு என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அதுவும் எடை குறைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். வீட்டுக்குத் திரும்பித் தட்டு கேட்க வெட்கமாக இருந்தது. சைக்கிளில் அண்டா கட்டிக்கொண்டு போகிற இட்லிக்காரரை நிறுத்தி இரண்டு இட்லி வாங்கினாள். பக்கத்து டப்பரிப் பெட்டிக்கடையில் ஓர் அவித்த முட்டை. நின்றுகொண்டே தின்றுவிட்டு, “பசியாறிட்டேன் மேடம்” என்றாள். “ரொம்ப சந்தோஷம்” என்று பதில் வந்தது.

அப்படியே போயிற்று. இட்லிக்காரர் வராத நாளில் “பசியாறல” என்பாள். பிருந்தாவுக்கு அது தின்றும் பசி தீரவில்லை என்று கேட்கும். உடனே முட்டையை இரண்டாக்குவார், நாலு மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல் சேர்ப்பார். ஒன்பதாம் நாள், “வீட்ல எல்லாரும் பசியாறிட்டாங்க மேடம். என்கிட்ட மட்டும் யாரும் கேக்கமாட்டாங்க, நான் குண்டா இருக்கேன்ல்லா” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இன்னொரு நாள், “நான் வீட்ல பசியாறுறதே இல்ல மேடம், ரோட்டுலதான்” என்றாள். பிருந்தா, “நன்னா வயிறு நிறையச் சாப்பிடு கொழந்தை” என்று அனுப்பினார். அந்தக் ‘கொழந்தை’யில் ஏன் குரல் கம்முகிறது என்று சாயிமாவுக்குப் புரியவில்லை. ஜலதோஷம் போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் உடம்புக்குப் புரிந்தது. காலையில் வயிறு நிறைந்த பெண்ணுக்கு ஏழு மணிக்குச் சமோசாவைப் பார்த்தால் வெறி வரவில்லை. சந்து முனையைத் தாண்டி நடக்க முடிந்தது. நடக்க முடிந்ததால் கிங்ஸ் சர்க்கிள் வரை போய்விட்டுத் திரும்பினாள். பட்டை எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்று காட்டியது. ஆறாவது வாரம் தராசு எழுபத்தெட்டரை என்றது. ஷைஸ்தா தன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில்தான் வீட்டில் கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் பத்து மணிக்குத்தான் வரும் என்றார்கள். வாப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு இறங்கினார். அன்றைக்கென்று இட்லிக்காரரும் இல்லை. சாயிமா போனை எடுத்தாள்.

“மேடம், இன்னைக்கு எங்க வீட்ல யாருமே பசியாறல. கேஸ் தீந்துபோச்சு. மூணு பேரும் அப்படியே வெறும் வயித்தோட கெடக்கோம்.”

பதில் வரவில்லை. மறுநாள் காலை ஆப்பைத் திறந்தால், உங்கள் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று இந்தியில் ஒரு வரி. குரல் அனுப்புகிற பொத்தான் சாம்பல் நிறமாகிக் கிடந்தது, அமுக்கினால் அமுங்கவில்லை.

சாயிமா அதைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தாள். வியாழக்கிழமை ஷைஸ்தா பிறந்தநாளுக்கு ஒரு வடாபாவ் தின்றிருந்தாள், அதைப் படம் போடவில்லை. கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நம்பினாள். கையில் கட்டியிருக்கும் பட்டை வடாபாவையும் எண்ணும் போலிருக்கிறது என்று நினைத்தாள். இன்னும் ஆறு வாரம் பாக்கி. இந்தக் குரல் இல்லாமல் அந்த ஆறு வாரத்தைத் தாண்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும். காத்துண்டிருக்கேன் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் யாருக்காக நின்று இட்லி தின்பது? அன்று சாயங்காலம் சமோசா பாவ் கடையில் நின்றாள். ஒன்றல்ல, இரண்டு தின்றாள். தின்றுகொண்டே அழுதாள்.

அந்தப் பக்கம் பிருந்தாவின் கதை வேறு. வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிற பெண்ணை எடை குறைக்கிற திட்டத்தில் வைக்கக் கூடாது என்பது கிளினிக் விதி. பிருந்தாவேதான் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். அமுக்கிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, படிவத்திலிருந்து வீட்டு விலாசத்தைக் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சிலிண்டர் வந்த தெம்பில் அக்தர் பானு ஆட்டுக்கறி வறுத்துக்கொண்டிருந்தாள். வாப்பா முன்னால் பரோட்டா அடுக்கி இருந்தது. இரும்புப் படியில் யாரோ மூச்சு வாங்க ஏறும் சத்தம் கேட்டது. கண்ணாடி போட்ட, முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் வாசலில் நின்றார். ஒரு தோளில் அரிசிப் பை, இன்னொரு கையில் பருப்பும் எண்ணெயும். முட்டைத் தட்டு ஒன்றை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். பிறந்ததிலிருந்து முட்டையைக் கையால் தொட்டதில்லை என்பது பின்னால் தெரிந்தது.

“சாயிமா வீடு இதுதானா? நான் பிருந்தா. கிளினிக்லேர்ந்து வரேன்.”

குரலை அடையாளம் கண்டு சாயிமா எழுந்து நிற்பதற்குள், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த உம்மா, வந்தவரிடம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். “வாங்கம்மா, உள்ள வாங்க. பசியாறிட்டீங்களா?”

பிருந்தாவின் கண் பொலபொலவென்று கொட்டியது. இவ்வளவு கஷ்டத்திலும் வந்தவளைப் பார்த்து உன் பசி ஆறிற்றா என்று கேட்கிறாளே!

“முதல்ல நீங்கள்ளாம் பசியாறணும்மா” என்று சொல்லி, அரிசிப் பையை உம்மாவின் காலடியில் இறக்கினார்.

“நாங்க இப்பத்தான் பசியாறிக்கிட்டிருக்கோம்” என்றார் வாப்பா. “இது என்ன மேடம், யாருக்கு அரிசி?”

“உங்களுக்குத்தான். தப்பா எடுத்துக்காதீங்கோ.”

“எங்களுக்கா?” வாப்பா கையிலிருந்த பரோட்டாவைக் கீழே வைத்தார். “பதினோரு பேருக்கு வேலை குடுக்கேன் மேடம் நான். எவன் சொன்னான் உங்ககிட்ட?”

அப்போதுதான் பிருந்தாவுக்கு வாசனை எட்டியது. கறிச் சட்டியைப் பார்த்தார், பரோட்டா அடுக்கைப் பார்த்தார், அந்த அடுக்கின் பின்னால் இருந்த வாப்பாவின் தொப்பையைப் பார்த்தார். குழம்பிப்போய் போனை எடுத்தார்.

“நீங்களே கேளுங்கோ.”

சாயிமாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. இன்னைக்கு எங்க வீட்ல யாருமே பசியாறல. வெறும் வயித்தோட கெடக்கோம்.

“ஆமா, கேஸ் தீந்துபோச்சுல்லா” என்றார் வாப்பா. “பத்து மணிக்குச் சிலிண்டர் வந்துட்டு. பதினோரு மணிக்குப் பசியாறிட்டோம். அதுக்கு என்ன இப்போ?”

உம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“யா அல்லாஹ்! பசியாறுறதுன்னா காலையில திங்கிறதும்மா! நாஷ்டா, நாஷ்டா! நீங்க நாங்க பட்டினின்னு நெனச்சிட்டீங்களா?”

பிருந்தா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த நிமிஷம் சிரிப்பு பீறிட்டது. உம்மா சிரித்தாள், வாப்பா இருமி இருமிச் சிரித்தார், பட்டறையிலிருந்து இரண்டு பேர் என்ன ஏது என்று படியேறி வந்தார்கள். சந்தில் இன்றைக்கும் சொல்கிற கதை இதோடு முடிந்துவிடும்.

யாரும் அந்தப் போனை நிறுத்தவில்லை. ஒரு குரல் முடிந்தால் அடுத்ததையும், கடைசிக் குரல் முடிந்தால் மறுபடி முதலிலிருந்தும் தானாகவே போடுகிற ஆப் அது. சிரிப்பு அடங்கும்போது அது முதல் வாரத்துக்குப் போயிருந்தது.

“இன்னைக்கும் பசியாறல மேடம்.”

“பசியாறல மேடம், பரவால்ல, பழக்கம்தான்.”

“வீட்ல எல்லாரும் பசியாறிட்டாங்க மேடம். என்கிட்ட மட்டும் யாரும் கேக்கமாட்டாங்க, நான் குண்டா இருக்கேன்ல்லா.” அப்புறம் அந்தச் சின்னச் சிரிப்பு.

பிருந்தா பதறிப்போய்த் திரையைத் தடவினார். அதற்குள் இன்னொன்றும் வந்துவிட்டது. நான் வீட்ல பசியாறுறதே இல்ல மேடம், ரோட்டுலதான்.

சாயிமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் குரல் இன்னொருவர் போனில் இப்படிக் கேட்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. வாப்பா பரோட்டா அடுக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். கறிச் சட்டி தீய்கிற வாசனை வந்த பிறகுதான் உம்மா எழுந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, பிருந்தா கொண்டுவந்த தட்டிலிருந்து இரண்டு முட்டையை எடுத்து வேகப் போட்டாள். கறி படாத வேறு பாத்திரத்தில் இடியாப்பத்தை வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, சீனி தூவிப் பிருந்தாவிடம் நீட்டினாள். முட்டை வெந்ததும் சாயிமா முன்னால் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

“தெரியாமப் பண்ணிட்டேன்” என்றார் பிருந்தா, இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டே. “நாளைக்கே திறந்துடறேன் சாயிமா.”

“வடாபாவ் தின்னதுக்கா மேடம் மூடுனீங்க?” என்று சாயிமா கேட்டாள். எந்த வடாபாவ் என்று பிருந்தா கேட்க, அதுவும் வெளியே வந்துவிட்டது.

அரிசியை வாப்பா ஏற்க மாட்டேன் என்றார், பிருந்தா திருப்பி எடுத்துப் போக மாட்டேன் என்றார். கடைசியில் பட்டறை ஆட்களுக்கு அது நெய்ச்சோறாயிற்று. முட்டையை மட்டும் உம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தத் தட்டு தீர்ந்ததும் அவளே இன்னொன்று வாங்கினாள். தினமும் காலை எட்டரைக்கு இரண்டு முட்டையும் இரண்டு இட்லியும் சாயிமாவின் இடத்தில் இருக்கும். ஆனால் உம்மா வாய் திறந்து கேட்கவில்லை. தட்டு வைக்கிற கைக்கு வந்த தைரியம் வாய்க்கு வரவில்லை. சாயிமாவும் பேசாமல் தின்றுவிட்டு, “பசியாறிட்டேன் மேடம்” என்று அனுப்புவாள். “நானும் பசியாறிட்டேன்” என்று பதில் வரும். இத்தனை நாள் வெறும் காபியைக் குடித்துவிட்டு முப்பது பெண்களின் குரலைக் கேட்க உட்கார்ந்த பிருந்தா, அந்த இடியாப்பத்துக்குப் பிறகு தானும் காலையில் சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

பன்னிரண்டாவது வாரம் ரத்தம் கொடுத்தாள். மறுநாள் காலையில் ஆப் ஒலித்தது. ஐந்து புள்ளி ஆறு. எடை எழுபத்தாறு. அதற்கு முந்தின வாரமே தூரமும் வந்திருந்தது. கீழே டாக்டரின் ஒற்றை வரி, மருந்து தேவையில்லை, இப்படியே தொடருங்கள்.

உம்மா அலமாரித் தட்டருகே நின்று தன் டப்பாவில் புதன்கிழமை அறையைத் திறந்துகொண்டிருந்தாள். சாயிமா போனை நீட்டினாள். உம்மாவுக்கு எண் விளங்கவில்லை.

“மாத்திரை உண்டா?” என்றாள் மெதுவாக.

“இல்ல உம்மா.”

“அல்ஹம்துலில்லாஹ்.” உம்மா டப்பாவை மூடி, அதற்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திட்டம் அன்றோடு முடிகிறது. குரல் அனுப்புகிற பொத்தான் சாயங்காலம் மூடிவிடும், இந்தத் தடவை நிஜமாகவே. சாயிமா படியில் உட்கார்ந்து போனை வாயருகில் வைத்தாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. “மேடம், நீங்க இல்லேன்னா” என்று ஆரம்பித்தாள், முடிக்கத் தெரியாமல் அழித்துவிட்டாள். “ரொம்ப தேங்க்ஸ் மேடம்” என்றாள், டிக்கெட் வாங்கிக்கொண்டு கண்டக்டருக்குச் சொல்வது போலிருந்தது, அதையும் அழித்தாள். மூன்றாவது தடவை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, “மேடம், நான் என்ன சொல்ல வந்தேன்னா...” என்று நிறுத்தினாள்.

உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது. குழாய்க்காரரிடமும் மீட்டர்காரரிடமும் கேட்கிற அதே உரத்த குரல்.

“ஏளா சாயிமா! பசியாறிட்டியா?”

சாயிமாவின் விரல் பொத்தானிலேயே இருந்தது. உம்மா அவளிடம் அதைக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. அவள் மூச்சை இழுத்துக்கொள்ளும் சத்தமும் அதில் பதிவாயிற்று.

“இன்னும் பசியாறல உம்மா” என்றாள். “இதோ வாரேன்.”

விரலை எடுத்தாள். அது அப்படியே பிருந்தாவுக்குப் போயிற்று.